கூட்டம் முதலில், நடுப்புள்ளி பிறகு

அத்தியாயம் 6: துல்லியம்

வில்லுக்கு நாணேற்றவும், அம்பைத் தொடுக்கவும், இழுத்து விடவும் இதற்குள் பழகியிருப்பீர்கள். பத்து மீட்டரில் இலக்குப் பலகை தப்புவதில்லை. ஆனால் பலகையில் எந்த இடத்தில் அம்பு குத்தும் என்று எய்பவருக்கே தெரிவதில்லை. ஒரு நாள் நன்றாக வருகிறது, மறுநாள் வருவதில்லை, காரணமும் பிடிபடுவதில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்கானது.

சைட், ஸ்டெபிலைசர் போன்ற துணைக்கருவிகள் எதுவும் பூட்டாத வில்லையே இந்நூல் மரபு வில் என்கிறது. லாங்போ, மரக் கைப்பிடி வைத்த ரீகர்வ், நம் நாட்டுப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் பிரிவில் 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்யப் பயன்படும் மூங்கில் வில் ஆகிய எல்லாம் இதில் அடங்கும். இங்கே சொல்பவை வலக்கைக்காரருக்கு, அதாவது இடக்கையில் வில்லைப் பிடித்து வலக்கையால் நாணை இழுப்பவருக்கு. இடக்கைக்காரர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

துல்லியம் என்றால் என்ன?

ஒருவர் ஆறு அம்பு எய்கிறார். ஆறும் கையகல இடத்தில் கூடி நிற்கின்றன, ஆனால் நடுப்புள்ளியிலிருந்து ஒரு முழம் தள்ளி. இன்னொருவர் எய்ததில் ஒன்று நடுப்புள்ளியிலேயே நிற்கிறது, மற்ற ஐந்தும் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. கைதட்டல் இரண்டாமவருக்குத்தான் கிடைக்கும். முன்னேறப்போவது முதலாமவர். அம்புகள் கூடி நின்றால் அந்தக் கூட்டத்தை நடுவுக்கு நகர்த்துவது ஒரு மாலை நேர வேலை. சிதறி நின்றால் எதை நகர்த்துவது?

இந்தக் கூட்டத்தை வில்லாளர்கள் 'குரூப்' என்பார்கள். குரூப் சுருங்குவது உங்கள் உடல் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்பதற்கு அடையாளம். பழகுபவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறார்கள். ஓர் அம்பு இடப்பக்கம் போனால் அடுத்ததை வலப்பக்கம் குறிவைக்கிறார்கள். முதல் அம்பு ஏன் இடப்பக்கம் போயிற்று என்று தெரியாமலேயே இரண்டாவதில் இன்னொரு பிழையைச் சேர்க்கிறார்கள். எனவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் விதி ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றிய பின் குறைந்தது பன்னிரண்டு அம்பாவது எய்து பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

வில் உங்கள் பலத்துக்குள் இருக்கிறதா?

குரூப் சிதறுவதற்கான முதல் காரணத்தைக் கண்ணில் தேட வேண்டாம், வில்லின் இழுப்பு எடையில் தேடுங்கள். வில்லில் 40 பவுண்டு, 28 அங்குலம் என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுக்கும்போது விரல்களில் 40 பவுண்டு விழும் என்று பொருள். ஓர் அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ ஏறத்தாழ இரண்டு மூன்று பவுண்டு மாறும்.

உங்கள் இழுப்பு நீளத்தைத் தோராயமாக அறிய எளிய வழி உண்டு. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்து 2.5ஆல் வகுங்கள். கைவிரிப்பு 66 அங்குலம் என்றால் இழுப்பு நீளம் 26 அங்குலத்துக்குச் சற்று மேல். அப்படியானால் 40 பவுண்டு வில் அவர் கையில் 35 பவுண்டு அளவில்தான் வேலை செய்யும். அம்பு வாங்கும்போது இந்த எண்தான் கணக்கு, வில்லில் எழுதியிருக்கும் எண் இல்லை.

எடை பொருந்துகிறதா என்று பார்க்க இப்படிச் செய்யுங்கள். அம்பு தொடுத்து இலக்கை நோக்கி முழுமையாக இழுத்து, ஐந்தாறு விநாடி நிறுத்தி, எய்யாமல் மெல்ல இறக்குங்கள். வில்பிடித்த கை நடுங்கினாலோ, தோள் காதை நோக்கி ஏறினாலோ அந்த வில் உங்களுக்கு இப்போதைக்கு அதிகம். பெரியவர்களும் 20 முதல் 25 பவுண்டு வில்லில் தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. இறக்கும்போதும் நாண் கைநழுவிவிடக் கூடாது. அம்பில்லாமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு எடுத்துச்செல்ல வேண்டிய விசையெல்லாம் வில்லிலேயே இறங்கும், வில் பிளந்துவிடலாம்.

வில்லையும் அம்பையும் சீராக்குதல்

நாளுக்கு நாள் வில் மாறினால் உங்கள் உழைப்பு வீண். முதலில் கவனிக்க வேண்டியது பிரேஸ் ஹைட். நாணேற்றிய வில்லில் கைப்பிடியின் உட்குழிக்கும் நாணுக்கும் இடையே உள்ள தூரம் அது. பல ரீகர்வ் வில்களில் ஏழரை முதல் எட்டு அங்குலம் அளவில் இருக்கும், லாங்போவில் சற்றுக் குறைவு. வில் செய்தவர் சொன்ன அளவில் தொடங்கி, நாணை முறுக்கியும் தளர்த்தியும், வில் அதிராமல் சத்தம் குறைந்து எய்யும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். முறுக்கினால் தூரம் கூடும். புது நாண் சில நாட்களுக்கு நீண்டுகொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு நாளும் முதல் அம்புக்கு முன் அளந்து பாருங்கள். மூங்கில் வில்லும் மர வில்லும் எய்து முடிந்ததும் நாண் இறக்கி வைக்கப்பட வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் எந்த வில்லையும் வைக்காதீர்கள்; பசை இளகிவிடும்.

அடுத்தது, நாணில் அம்பின் நாக் (வால் முனையில் நாண் மாட்டும் பிளவு) அமரும் இடம். அங்கே ஒரு சிறு பித்தளை வளையமோ நூல் முடிச்சோ இருக்க வேண்டும். வில்லின் ஷெல்ஃப் மீதே, அதாவது கைப்பிடிக்கு மேலுள்ள மேடை மீதே, அம்பை வைத்து எய்பவர்கள், செங்கோண நிலையிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மேலே தொடங்கலாம். கண்ணளவில் தொடுத்தால் ஒவ்வொரு அம்பும் வேறு வேறு உயரத்தில் புறப்படும்.

மூன்றாவது அம்பின் விறைப்பு. நாணை விட்டவுடன் அம்பு நேராகப் பாய்வதில்லை. வில்லின் கைப்பிடியைச் சுற்றி வளைந்து, அதிர்ந்து, பிறகுதான் நேர்ப்படுகிறது. அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் அதிவேகக் கேமராவால் இதைப் படம்பிடித்துக் காட்டினார். அம்பு தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தாலும், தேவைக்கு மேல் வளைந்தாலும் கைப்பிடியை ஒழுங்காகத் தாண்டாது. இந்த விறைப்பை ஸ்பைன் என்பார்கள். கார்பன் அம்பில் 500 என்று இருந்தால், 28 அங்குல இடைவெளியில் இரு முட்டுகள் மேல் வைத்து நடுவில் 880 கிராம் தொங்கவிடும்போது அது 0.500 அங்குலம் தொய்கிறது என்று பொருள். எண் சிறிதானால் அம்பு விறைப்பு. அம்பின் மொத்த எடை, நீங்கள் இழுக்கும் பவுண்டு ஒன்றுக்கு எட்டு முதல் பத்து கிரெய்ன் இருக்கட்டும். 40 பவுண்டுக்கு 360 கிரெய்ன், அதாவது 23 கிராம் அளவு, நல்ல தொடக்கம். எடையைவிட முக்கியம், ஆறு அம்பும் ஒரே எடையாக, ஒரே நீளமாக இருப்பது.

உங்கள் வில்லுக்கு அம்பு பொருந்துகிறதா என்று அம்பையே கேட்கலாம். இறகு ஒட்டிய மூன்று அம்புகளும், அதே வகையில் இறகு ஒட்டாத இரண்டு அம்புகளும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பத்து மீட்டரிலும், பலகையைத் தப்பாவிட்டால் பதினைந்திலும் எய்யுங்கள். இறகு அம்பின் பிழையைப் பறக்கும்போதே திருத்திவிடும்; இறகில்லாத அம்பு பிழையை அப்படியே காட்டிவிடும். இறகில்லாத அம்புகள் இறகுள்ளவற்றுக்கு இடப்பக்கம் நின்றால் அம்பு விறைப்பு அதிகம்: கனமான முனை போட்டுப் பாருங்கள், அல்லது இளகிய தண்டுக்கு மாறுங்கள். வலப்பக்கம் நின்றால் அம்பு இளகல்: முனையின் எடையைக் குறையுங்கள், அல்லது தண்டைக் கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டுங்கள். கீழே நின்றால் நாணில் நாக் அமரும் இடத்தை இறக்க வேண்டும், மேலே நின்றால் ஏற்ற வேண்டும். குரூப் ஓரளவு கூடத் தொடங்கிய பிறகே இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு. சிதறலாக எய்பவருக்கு இறகில்லாத அம்பும் தினம் ஒரு பதில் சொல்லும்.

நிற்பதும் பிடிப்பதும்

இங்கிலாந்தின் ரோஜர் ஆஸ்கம் 1545இல் வெளியிட்ட நூலில் வில்வித்தையை ஐந்து அங்கமாகப் பிரித்தார்: நிற்றல், தொடுத்தல், இழுத்தல், நிறுத்தல், விடுத்தல். குறிபார்த்தலை அவர் இந்த ஐந்தில் சேர்க்கவில்லை. கூட்டம் முதலில் என்று சொல்லும் நமக்கும் அந்த வரிசை பொருந்தும். உடல் ஒழுங்கானால்தான் குறிக்கு வேலை.

எய்கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு காலாக, தோளகலத்தில் நில்லுங்கள். எடை இரு கால்களிலும் சமமாக விழட்டும். குதிகால்களில் சாய வேண்டாம். கால் வைத்த இடத்தைச் சுண்ணாம்பாலோ குச்சியாலோ குறித்துவையுங்கள். கால் ஓர் அங்குலம் திரும்பினால் இடுப்பும் தோளும் அதோடு திரும்பும்.

வில்பிடியில் பெரும்பாலோர் செய்யும் பிழை, இறுக்கிப் பிடிப்பது. கைப்பிடி கட்டைவிரலின் அடிச்சதையில் பதிந்திருக்க, மற்ற விரல்கள் சும்மா சுற்றியிருந்தால் போதும். விரல் முட்டிகள் செங்குத்தாக இல்லாமல் 45 பாகை சாய்ந்திருந்தால் பிடி சரி. இறுக்கினால் நாணை விடும் நொடியில் மணிக்கட்டு வில்லைத் திருப்பிவிடும், அம்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கமாக விலகும். முழங்கையின் உட்பக்கம் வானத்தைப் பார்க்காமல் வலப்பக்கத்தைப் பார்க்கும்படி கையைத் திருப்பிக்கொண்டால் நாண் கையில் அடிக்காது. நாண் அடிக்கும் என்ற பயம் இருக்கும்வரை துல்லியம் வராது, ஆகவே கைக்காப்பு போடாமல் எய்யாதீர்கள்.

நாணை விரல்களின் நுனியில் பிடிக்க வேண்டாம். முதல் மூட்டின் மடிப்பில் கொக்கிபோல மாட்டுங்கள். புறங்கை தட்டையாக இருக்கட்டும். அம்புக்கு மேலே ஆள்காட்டி விரலும் கீழே இரண்டு விரல்களும் வைக்கலாம், மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழேயும் வைக்கலாம். இரண்டும் ஏற்கப்பட்ட முறைகள்தான், ஆனால் ஒன்றைத் தேர்ந்தால் அதிலேயே நில்லுங்கள். விரல்களால் அம்பின் நாக் பகுதியை நசுக்கினால் அம்பு ஷெல்ஃபிலிருந்து நழுவி விழும்.

ஆங்கர்: அரை சென்டிமீட்டரின் விலை

முழுமையாக இழுத்தபின் நாண்கை முகத்தில் வந்து அமரும் இடம் ஆங்கர். சைட் உள்ள சில வில்களில் பின்பக்கக் குறியாகவும் முன்பக்கக் குறியாகவும் கருவிகள் இருக்கின்றன. மரபு வில்லில் உங்கள் முகம்தான் பின்பக்கக் குறி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்பின் முனையை ஒரே இடத்தில் வைத்து, வால் பக்கம் மட்டும் அரை சென்டிமீட்டர் இறங்கிவிட்டது என்று கொள்வோம். இழுப்பு நீளம் 71 சென்டிமீட்டர். இருபது மீட்டரில் அம்பு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் மேலே போய்க் குத்தும். அரை சென்டிமீட்டர் என்பது வாய் மூடியிருப்பதற்கும் லேசாகத் திறந்திருப்பதற்கும் உள்ள வித்தியாசம். பற்களைச் சேர்த்துவைத்து எய்யுங்கள் என்று பயிற்றுநர்கள் சொல்வது இதனால்தான்.

ஆங்கருக்கு ஓர் இடம் போதாது, இரண்டு வேண்டும். ஆள்காட்டி விரல் நுனி வாயோரத்தைத் தொடுவது ஒன்று. கட்டைவிரல் மூட்டு தாடை எலும்பின் பின்னால் பதிவதோ, அம்பின் இறகு மூக்கு நுனியை வருடுவதோ இன்னொன்று. எலும்பில் பதியும் தொடுகையே நம்பகமானது. கன்னத்தின் சதை நாளுக்கு ஒரு விதமாக இருக்கும். முகத்தை நாணிடம் கொண்டுபோகாமல், நாண் முகத்துக்கு வரட்டும்.

ஆங்கரை எங்கே வைப்பது என்பதில் வரலாறும் ஒரு பாடம் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஹொரேஸ் ஃபோர்ட் என்ற வில்லாளர், நாணைக் காதை நோக்கி இழுக்கும் பழக்கத்தை எதிர்த்தார். அம்பு முழுவதும் குறிபார்க்கும் கண்ணுக்கு நேர் கீழே வர வேண்டும் என்றார். 1857இல் 100, 80, 60 கெஜத் தொலைவுகளில் எய்யும் இரட்டை யார்க் ரவுண்டில் அவர் எடுத்த 1251 புள்ளிகள் பல பத்தாண்டுகள் முந்தப்படாமல் நின்றன. நீங்களும் சோதித்துக்கொள்ளலாம். முழு இழுப்பில் இருக்கும்போது, நண்பரை எய்கோட்டுக்குப் பின்னாலிருந்து கைபேசியில் படமெடுக்கச் சொல்லுங்கள். எதிரே நிற்பது எந்தக் கோணத்திலும் ஆபத்து. படத்தில் அம்பும் வலது முழங்கையும் ஒரே கோட்டில் வந்தால் சரி.

இழுப்பதைக் கையால் செய்யாதீர்கள், முதுகால் செய்யுங்கள். வலது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வதை உணர வேண்டும். ஆங்கருக்கு வந்தபின்னும் அந்த இழுவிசை நிற்கக் கூடாது. நின்றால், குறிபார்க்கும் இரண்டு விநாடியில் உங்களுக்கே தெரியாமல் நாண் ஓர் அங்குலம் முன்னே போய்விடும், இரண்டு மூன்று பவுண்டு குறையும், அம்பு தாழ்ந்து குத்தும்.

விடுப்பு

நாணை விடுவதற்கு விரல்களைத் திறக்க வேண்டியதில்லை. திறக்க முயன்றால் கை முகத்திலிருந்து வெளிப்பக்கம் விலகும், வீணையின் தந்தியைச் சுண்டுவதுபோல நாண் பக்கவாட்டில் சுண்டப்படும், அம்பு இடப்பக்கம் போகும். முதுகு இழுத்துக்கொண்டே இருக்க, முன்கையில் விரல்களை மடக்கிவைத்திருக்கும் தசை மட்டும் தளரட்டும். நாண் தானே விரல்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

சரியாக விட்டீர்களா என்று கை சொல்லும். நல்ல விடுப்பில் வலக்கை தாடையை ஒட்டியே பின்னால் போய் காதுக்குக் கீழே நிற்கும். கை கன்னத்தை விட்டு விலகி நின்றால் சுண்டிவிட்டீர்கள். அசையாமல் முகத்திலேயே நின்றுவிட்டால் இழுவிசை முன்பே நின்றுபோயிருந்தது. வில்பிடித்த கை, அம்பு பலகையில் குத்தும் சத்தம் கேட்கும்வரை இலக்கை நோக்கியே நிற்கட்டும். எங்கே போயிற்று என்று பார்க்கும் ஆவலில் வில்லைத் தாழ்த்துபவரின் அம்பும் தாழ்ந்தே போகும்.

குறிபார்க்கும் வழிகள்

குரூப் கூடத் தொடங்கியதும் குறி பற்றிப் பேசலாம். மூன்று வழிகள் பரவலானவை.

முதலாவது உள்ளுணர்வு எய்தல். இரு கண்களும் திறந்து, இலக்கில் ஒரு சிறு புள்ளியை மட்டும் பார்ப்பது. அம்பின் முனையை மனத்தில் கொள்வதில்லை. இருபது மீட்டருக்கு உட்பட்ட தொலைவுகளில் நன்றாக வேலை செய்யும். பலகை முழுவதையும் பார்க்காமல், தாளில் ஒரு கிழிசலையோ பழைய துளையையோ பார்ப்பதில்தான் இதன் பலம். ஆனால் அதிகப் பயிற்சி கேட்கும், சில நாள் விட்டாலும் கெடும்.

இரண்டாவது இடைவெளி முறை. அம்பின் முனைக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒவ்வொரு தொலைவுக்கும் தெரிந்துவைத்துக்கொள்வது. அம்பு கண்ணுக்குக் கீழே இருப்பதால், முனையை நடுப்புள்ளியில் வைத்து எய்தால் கிட்டத்தில் அது மேலேதான் போகும். ஏதோ ஒரு தொலைவில் மட்டும் முனையும் குத்தும் இடமும் ஒன்றாகும். ஓர் எடுத்துக்காட்டு: அம்பின் வேகம் விநாடிக்கு 50 மீட்டர், முனையும் குறியும் ஒன்றாகும் தொலைவு 40 மீட்டர் என்று கொண்டு, காற்றுத்தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 10 மீட்டரில் முனையை நடுப்புள்ளிக்கு 60 சென்டிமீட்டர் கீழே வைக்க வேண்டும், 20 மீட்டரில் 80, 30 மீட்டரில் மறுபடி 60, 40இல் ஒன்றுமில்லை. பாதித் தொலைவில் இடைவெளி மிக அதிகம், பிறகு குறையும். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். மூன்று விரலும் அம்புக்குக் கீழே வைப்பவருக்கு அம்பு கண்ணை நெருங்குவதால் இடைவெளிகள் சிறுக்கும்.

எச்சரிக்கை ஒன்று. முதல் முறை சோதிக்கும்போது முனையை நடுப்புள்ளியில் வைத்து எய்யாதீர்கள், அம்பு பலகைக்கு மேலே பறந்துபோகும். பலகையின் காலடியிலிருந்து தொடங்கி மேலே ஏறி வாருங்கள். பின்னால் மண்மேடோ தடுப்போ இல்லாத இடத்தில் இந்தச் சோதனையே வேண்டாம்.

மூன்றாவது, இரண்டுக்கும் இடைப்பட்டது. 1938இல் வெளிவந்த ராபின் ஹூட் திரைப்படத்துக்காக அம்பு எய்த அமெரிக்க வில்லாளர் ஹோவர்ட் ஹில் பின்பற்றிய முறை இது. கண் இலக்கில் பதிந்திருக்கும். ஆனால் கீழே மங்கலாகத் தெரியும் அம்பு முனையும் கவனத்தில் இருக்கும். பலர் இடைவெளி முறையில் தொடங்கி, பழகப் பழகத் தாமாகவே இதற்கு வந்துசேர்கிறார்கள்.

நாணில் விரல்களைக் கீழே இறக்கிப் பிடித்துத் தொலைவைச் சரிசெய்யும் முறையும் உண்டு. எல்லாப் போட்டிப் பிரிவும் அதை அனுமதிப்பதில்லை, விதியைப் பார்த்துக்கொள்ளவும்.

அம்புகள் சொல்வதைப் படித்தல்

அம்புகளுக்கு 1 முதல் 6 வரை எண் எழுதுங்கள். எய்தபின் உடனே பிடுங்காமல் பலகையின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். 1, 2, 4, 5 ஆகியவை ஒரு தட்டகலத்தில், நடுப்புள்ளிக்கு இடப்பக்கம் மேலே நிற்கின்றன. 3 தனியாகக் கீழே. 6 வலக் கோடியில். அந்த நான்கின் இடமே உங்கள் உண்மையான குறி. மற்ற இரண்டைச் சேர்த்துச் சராசரி போடாதீர்கள். மூன்றாவதை எய்தபோது நாண் முன்னே நழுவியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அடுத்த சுற்றுகளிலும் ஆறாம் எண் அம்பே வலக் கோடிக்குப் போனால் பிழை உங்களுடையதல்ல, அம்பினுடையது. அதன் இறகு, நாக், வளைவு மூன்றையும் பாருங்கள். கார்பன் அம்பானால் காதருகே வளைத்து விரிசல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் முறித்து எறிந்துவிடுங்கள்.

கூட்டமாகவே விலகும்போது பார்க்க வேண்டியவை:

மேலே: ஆங்கர் தாழ்ந்திருக்கலாம், வாய் திறந்திருக்கலாம், வில்பிடியில் உள்ளங்கையின் அடிப்பகுதி அழுத்தலாம்.

கீழே: இழுப்பு குறைந்திருக்கலாம், வில்கை முன்கூட்டியே தாழலாம், உடல் களைத்திருக்கலாம்.

இடம்: நாண் சுண்டப்படலாம், நாண் கைக்காப்பில் உரசலாம், அம்பு விறைப்பாக இருக்கலாம்.

வலம்: வில்பிடி இறுகித் திரும்பலாம், அம்பு இளகலாக இருக்கலாம்.

இடவலச் சிதறல் ஒரு சீரில்லாமல் இருந்தால் முதலில் வில்பிடியைச் சந்தேகியுங்கள். மேல்கீழ்ச் சிதறல் என்றால் ஆங்கரையும் இழுப்பு நீளத்தையும் பாருங்கள்.

நான்கு வாரப் பயிற்சி

ஜப்பானிய வில்வித்தையான கியூடோவில் 28 மீட்டரில் 36 சென்டிமீட்டர் இலக்கை எய்ய அனுமதிக்கும் முன், வைக்கோல் உருளை ஒன்றை இரண்டு மீட்டர் அளவு நெருக்கத்தில் நின்று எய்து பழக்குகிறார்கள். தவற முடியாத தூரத்தில் குறியைப் பற்றிய கவலை போய்விடும். உடல் மட்டும் மிஞ்சும். நம் திட்டமும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதல் வாரம், மூன்று மீட்டர், தாள் இல்லாத வெறும் பலகை. பாதி அம்புகளைக் கண்ணை மூடி எய்யுங்கள். கண்ணைத் திறந்து அம்பைச் சரியாகப் பலகைக்கு நேர் வைத்தபின்தான் மூட வேண்டும். நாளுக்கு ஓர் அங்கம் மட்டும் கவனியுங்கள்: ஒரு நாள் வில்பிடி, ஒரு நாள் ஆங்கர், ஒரு நாள் விடுப்பு.

இரண்டாம் வாரம், ஆறேழு மீட்டர். பலகையில் வெறும் வெள்ளைத்தாள், நடுப்புள்ளி வேண்டாம். முதல் அம்பு குத்திய இடமே இலக்கு.

மூன்றாம் வாரம், பத்து மீட்டர். இப்போது நடுப்புள்ளி வரையலாம். குரூப் எங்கே நிற்கிறது என்று குறித்து, இடைவெளியை மாற்றி நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

நான்காம் வாரம், பதினைந்து மீட்டர். ஆறில் ஐந்து அம்பு சாப்பாட்டுத் தட்டுக்குள் நிற்கும்வரை தூரத்தைக் கூட்ட வேண்டாம். குரூப் கலைந்தால் வெட்கப்படாமல் முந்தைய தூரத்துக்குத் திரும்புங்கள்.

ஒரு நாளைக்குக் கவனத்தோடு எய்யும் ஐம்பது அறுபது அம்பு போதும். களைத்தபின் எய்யும் ஒவ்வொரு அம்பும் தவறான பழக்கத்தை உறுதியாக்குகிறது. தோள் ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

இலக்கு பயம்

ஓரளவு தேறியவர்களைத்தான் இது பிடிக்கும். ஆங்கருக்கு வருமுன்பே விரல்கள் நாணை விட்டுவிடும். அல்லது முனை நடுப்புள்ளிக்குக் கீழே உறைந்து மேலே ஏற மறுக்கும். குறி சேர்ந்தவுடன் விட வேண்டும் என்ற பதற்றம், உடலின் வரிசையை முந்திக்கொள்வதே காரணம். வில்லை மாற்றுவது மருந்தாகாது.

முதலில் மூன்று மீட்டர் வெறும் பலகைக்குத் திரும்புங்கள். இரண்டாவதாக, இலக்குத் தாளை மாட்டி, இழுத்து, ஆங்கருக்கு வந்து, நடுப்புள்ளியில் குறிவைத்து, எய்யாமல் இறக்குங்கள். இரண்டு முறை இறக்கி ஒரு முறை எய்வது என்ற கணக்கில் தொடருங்கள். விடுவதா இறக்குவதா என்ற முடிவு உங்கள் கையில் இருக்கிறது என்பதை உடல் மறுபடி கற்கும். மூன்றாவதாக, விடுவதற்கு ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள்: இறகு மூக்கு நுனியைத் தொட்டால்தான் விடுவது என்பதுபோல. குறி சேர்வது அந்த அடையாளம் ஆகக் கூடாது. சில வாரம் பிடிக்கும், பொறுமையாக இருங்கள்.

நாளை களத்துக்குப் போகும்போது இலக்குத் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பிரேஸ் ஹைட்டை அளந்து, அம்புகளுக்கு எண் எழுதி, மூன்று மீட்டரில் நின்று தொடங்குங்கள். அம்புகள் ஒன்றோடொன்று உரசும் அளவுக்குக் கூடிய பிறகு நடுப்புள்ளியை வரைந்துகொள்ளலாம்.